ஏலகிரி கேம்ப்ல சோலார் வாட்டர் ஹீட்டர்: மாடி ஏர்றவன் எழுதுற ரிவ்யூ

நேரா விஷயத்துக்கு வந்துடறேன். கண்ணாடிக் குழாய் வச்ச சோலார் வாட்டர் ஹீட்டர், கடையில இ.டி.சி.ன்னு சொல்ற மாடல், பிள்ளைங்க கூட்டமா வந்து தங்குற இடத்துக்குத் தாராளமா வாங்கலாம். ஆனா மாடிக்கு ஏற ஒரு ஆள் இருக்கணும். "போட்டுட்டு மறந்துடுங்க சார், மெயின்டெனன்ஸே கிடையாது"ன்னு டீலர் சொல்லுவாரு. அந்த இல்லாத மெயின்டெனன்ஸைத்தான் நான் சம்பளம் வாங்கிட்டுப் பாத்துட்டு இருக்கேன்.

ஏலகிரி மலைமேல ஸ்கூல் பிள்ளைங்களுக்கான கேம்ப் ஒண்ணுல மெயின்டெனன்ஸ் டெக்னீஷியன் வேலை. படிச்சது ஐ.டி.ஐ. எலக்ட்ரீஷியன். மலைமேல படிச்ச ட்ரேடு மட்டும் பாத்துட்டு உக்கார முடியாது. போர் மோட்டார், ஜெனரேட்டர், செப்டிக் டேங்க், இரும்புக் கட்டிலுக்கு வெல்டிங், கயித்துப்பாலத்துல லூசான போல்ட்டு, டார்மெட்டரிக்குள்ள பாம்பு வந்துடுச்சுன்னு நடுராத்திரி கூப்பிட்டா டார்ச்சு, எல்லாம் ஒரே ஆள்தான். ஒரு அரை இஞ்ச் எல்போ கையில இல்லன்னா 14 கொண்டை ஊசி வளைவு இறங்கி ஜோலார்பேட்டையோ திருப்பத்தூரோ போகணும். ஒவ்வொரு வளைவுக்கும் பாரி, காரி, ஓரின்னு பேர் வச்சிருக்காங்க. வாஷர் வாங்கவே இத்தனை வள்ளல்களைத் தாண்டிப் போறவன் நான் ஒருத்தனாத்தான் இருப்பேன்.

சென்னை, வேலூர், பெங்களூர்ப் பக்கத்து ஸ்கூல்லேர்ந்து பிள்ளைங்க வருவாங்க. ரெண்டு ராத்திரி தங்கல், மலையேத்தம், பறவை பாக்கறது, கேம்ப் ஃபயர். பசங்க டார்மெட்டரி மேல ஒண்ணு, பொண்ணுங்க டார்மெட்டரி மேல ஒண்ணு, ரெண்டு ஹீட்டர். ஒவ்வொண்ணும் 500 லிட்டர். 58 மி.மீ. குறுக்களவு, 1800 மி.மீ. நீளத்துல குழாய். 100 லிட்டருக்கு 10 குழாய்ங்கிற கணக்குல ஒரு செட்டுக்கு 50. கம்பெனி பேர் போடல. நாங்க விலை கேட்ட எல்லா இடத்துலயும் குழாய் அதே சைஸ்தான், முக்கால்வாசி சீனாவுலேர்ந்து வர்றதுதான். வித்தியாசம் டேங்க்லயும் ஸ்டாண்டுலயும், அதைவிட மாட்டிக் குடுக்க வர்ற ஆளுக்கிட்டயும்.

வாங்கும்போது வார்டன் சார் கேட்ட முதல் கேள்வி, "இதுல எத்தனை பேரு குளிக்கலாம்?" டீலர் சொல்றது வீட்டுக் கணக்கு: 100 லிட்டருக்கு நாலு பேர். அப்படிப் பாத்தா 500 லிட்டருக்கு 20 பேர். எங்க டார்மெட்டரியில ஒரு பக்கம் 50, 60 பிள்ளைங்க இருப்பாங்க. அதனால நான் வேற மாதிரி கணக்குப் போட்டேன். டேங்க்ல 60 டிகிரி, பைப்ல வர்ற பச்சத்தண்ணி 20 டிகிரி, குளிக்க வேண்டியது 40 டிகிரி. சரிபாதி கலந்தாப் போதும். 500 லிட்டர் வெந்நீர் 1000 லிட்டர் குளிக்கிற தண்ணி ஆகுது. 16 லிட்டர் பக்கெட்டுல 60 பக்கெட்டு சொச்சம். ஆளுக்கு ஒரு பக்கெட்டுன்னு கண்டிஷனா இருந்தா ஒரு டார்மெட்டரி முழுக்கக் குளிச்சு முடிக்கலாம். ஷவர் இருந்தா இந்தக் கணக்கு நிக்காது. எங்க ஷவர் தலையெல்லாம் கழட்டி எண்ட் கேப் போட்டாச்சு. சில டீச்சர்களுக்கு அதுல கோவம்தான், என்ன பண்றது.

இதே 500 லிட்டரை 20 டிகிரியிலேர்ந்து 60-க்குக் கொண்டு போக கரண்டுன்னா ஏறக்குறைய 23 யூனிட். ரெண்டு டார்மெட்டரிக்கும் சேத்து ஒரு காலையில 46 யூனிட். காசு ஒரு பக்கம் இருக்கட்டும், அத்தனை கீசரை ஒரே நேரத்துல போட்டா எங்க மெயின் தாங்காது. முன்னாடி வெறகு பாய்லர் இருந்துச்சு. அதுல குளிச்ச சுகம் இதுல இல்லன்னு சமையக்கட்டு அக்கா இன்னும் சொல்லிட்டுத்தான் இருக்காங்க. வெறகு நனைஞ்சிருக்கிற கார்த்திகை மாசத்துல நாலு மணிக்கு எழுந்து ஊதினது அவங்க இல்ல.

பொருள் எப்படின்னு கேட்டா, நல்லா சூடு பண்ணுது. மோட்டார் கிடையாது. குழாய்க்குள்ள சூடான தண்ணி லேசாகி மேல டேங்குக்கு ஏறும், குளிர்ந்தது கீழ இறங்கும். குழாய் ரெண்டு அடுக்குக் கண்ணாடி, நடுவுல காத்தை உறிஞ்சி எடுத்திருப்பாங்க. டீ பிளாஸ்க்ல இருக்கிற அதே வேலைதான். அதனால வெளிய குளிர்காத்து அடிச்சாலும் உள்ள இருக்கிற சூட்டை அது திருட முடியாது. செப்புத் தகடு வச்சு மேல ஒரே கண்ணாடி மூடின தட்டை மாடல் ஒண்ணு இருக்கு. கீழ சமவெளியில அதுவும் நல்லாத்தான் இருக்கும். ஆயிரம் மீட்டருக்கு மேல காத்து அடிக்கிற மொட்டை மாடிக்கு என் ஓட்டு குழாய்க்குத்தான். ஜனவரியில வெயில் அடிச்ச நாள்னா, சாயங்காலம் கைவைக்க முடியாத அளவுக்குக் காயும்.

மத்தியானம் மாடிக்குப் போய் ஒரு குழாயைத் தொட்டுப் பாருங்க. உள்ள தண்ணி கொதிக்கிற பதத்துல இருக்கும், வெளிக் கண்ணாடி சில்லுன்னு இருக்கும். சில்லுன்னு இருந்தா அந்தக் குழாய் நல்லா இருக்குன்னு அர்த்தம். ஏதாவது ஒண்ணு மட்டும் வெளிய கை சுட்டா, அதோட வெற்றிடம் போயிடுச்சு. கண்ணால பாக்கவும் வழி இருக்கு. அடிமுனையில உள்பக்கம் கண்ணாடி மாதிரி பளபளன்னு வெள்ளிப் பூச்சு தெரியும். அது பேரியம். குழாய்க்குள்ள காத்து புகுந்த உடனே அது பால் வெள்ளையா மாறிடும். உடையாம, விரிசல் இல்லாம, பாக்க முழுசா இருக்கிற குழாயே செத்துப் போயிருக்கும். மாசம் ஒரு தடவ வரிசையா குனிஞ்சு பாத்துட்டு வந்தாப் போதும். "ஹீட்டர் முன்ன மாதிரி இல்லையே"ன்னு புலம்பறவங்கள்ல பாதிப் பேர் அந்த அடிமுனையைப் பாத்ததே இல்ல.

மோசமான விஷயம் இதுதான்: ஒரே ஒரு குழாய் உடைஞ்சா மொத்த டேங்கும் காலி. 50 குழாயும் டேங்கோட நேராச் சேர்ந்திருக்கு, நடுவுல வால்வு எதுவும் கிடையாது. 25 மி.மீ. ஆலங்கட்டி விழுந்தாலும் தாங்கும்னு நோட்டீஸ்ல போட்டிருக்கான். ஏலகிரி கொரங்கு பத்தி ஒரு வரி போடல. டேங்க் மேல ஆவியும் காத்தும் போய் வர்றதுக்கு நிக்கிற வென்ட் பைப்புல சுத்தின ஃபோமை உரிச்சு விளையாடிட்டு, அங்கேர்ந்து குழாய் மேல குதிச்சது ஒண்ணு. மாடியிலேர்ந்து தண்ணி அருவி மாதிரி கொட்டுது, கீழ பாத்ரூம்ல பாதிப் பசங்க சோப்போட நிக்கறாங்க, "அண்ணா, தண்ணி வரல"ன்னு ஒவ்வொரு கதவுலேர்ந்தும் ஒரு தலை. டீலர் ஆபீஸ்ல சர்வீஸ் பாக்குற பையனுக்குப் போன் போட்டேன்.

"அண்ணா, கண்ணாடி உடைஞ்சா வாரண்டியில வராதுண்ணா."

"நாங்க உடைக்கல தம்பி, கொரங்கு உடைச்சது."

"யாரு உடைச்சாலும் வராதுண்ணா."

பையன் மேல தப்பில்ல, கார்டுலயே அப்படித்தான் இருக்கு. படிச்சுப் பாத்து வாங்குங்க. டேங்குக்கு அஞ்சு வருஷம்னு பெருசா போட்டு, குழாய் உடைசல் சேராதுன்னு கீழ எறும்பு சைஸ்ல போட்டிருப்பாங்க. இப்போ ஸ்டாண்டைச் சுத்திக் கம்பி வலை அடிச்சிருக்கேன். ரொம்ப நெருக்கமான வலை போட்டா நிழல் விழும், அதனால ரெண்டு இஞ்ச் கண்ணு.

குழாய் மாத்தறது கஷ்டமான வேலை இல்ல. நேரம்தான் முக்கியம். வெயில் ஏறுறதுக்கு முன்னாடி, இல்லன்னா பொழுது சாஞ்ச பிறகு. தண்ணி இல்லாம வெயில்ல காயுற குழாய் உள்ள 200 டிகிரி தாண்டும். அதுல பச்சத்தண்ணி விட்டா டப்புன்னு ஒரு சத்தம், அப்புறம் கூட்டி அள்ள வேண்டியதுதான். இன்லெட்டை மூடிட்டு, டேங்கை வடிச்சுட்டு, அடியில இருக்கிற பிளாஸ்டிக் கப்பைக் கழட்டணும். குழாயை ரெண்டு கையாலயும் புடிச்சு லேசா திருகிட்டே கீழ இழுத்தா வரும். நேரா இழுத்தா, ஒழுகாம இருக்க டேங்க் வாயில போட்டிருக்கிற சிலிகான் வளையம், அதான் கேஸ்கட்டு, அதுவும் கூடவே வந்துடும், சில சமயம் கிழிஞ்சும் போகும். புதுசை மாட்டும்போது கண்ணாடி வாயில சோப்புத்தண்ணி தடவிட்டு, திருகித் திருகி மேல ஏத்தணும். எண்ணெய், கிரீஸ் தடவறாங்க சிலபேர், வேணாம். டேங்க் வாய்க்குள்ள அது போற ஆழத்தை மார்க்கர்ல முன்னாடியே குறிச்சு வச்சுக்கிட்டா கப்பு சரியா உக்காரும். ஆழம் பத்தலன்னா, அன்னிக்கு ஒழுகாது. டேங்க் நிறைஞ்சு சூடாகி, அடுத்த பேட்ச் வந்து இறங்கின அன்னிக்கு ஒழுகும்.

உபரிக் குழாய் நாலஞ்சு, கேஸ்கட்டு ஒரு பாக்கெட், டேங்க் ஓட்டையை அடைக்கிற டம்மி பிளக் ரெண்டு. வாங்கும்போதே இதைப் பில்லுல சேத்துக்கோங்க. பிளக்கை அடிச்சுட்டா 49 குழாயோட வண்டி ஓடும், அன்னிக்கே மலை இறங்க வேண்டாம். அப்புறமா தனியா கேட்டா குழாய் விலையைவிட அதை உடையாம மேல கொண்டு வர்ற செலவு அதிகம்.

இன்னொரு குறை, சனிக்கிழமை வந்தா தெரியும். சில ஸ்கூல்காரங்க பிள்ளைங்களைக் காவலூர் வானாய்வகத்துக்குக் கூட்டிட்டுப் போவாங்க. ஜவ்வாது மலையில இருக்கு, வைணு பாப்புங்கிற வானியலாளர் பேர்ல. 1986-ல திறந்த 2.3 மீட்டர் தொலைநோக்கி அங்கதான் இருக்கு. போயிட்டு ராத்திரி 11 மணிக்குமேல குளிர்ல நடுங்கிட்டு வந்து எல்லாரும் ஒண்ணா வெந்நீர்ல கை கால் கழுவுவாங்க. பாவம், கழுவட்டும்னுதான் தோணும். ஆனா டேங்க்லேர்ந்து ஒரு பக்கெட்டு வெந்நீர் எடுத்தா, அந்த இடத்துக்கு அப்பவே ஒரு பக்கெட்டு பச்சத்தண்ணி உள்ள வருது. ராத்திரி சூரியன் இல்ல. 200 லிட்டர் போச்சுன்னா, காலையில 60 டிகிரி இருக்க வேண்டிய டேங்க் 45-க்குக் கீழ இறங்கி நிக்கும். அப்புறம் முதல் இருபது பேருக்குப் பிறகு எல்லாருக்கும் வெதுவெதுப்புதான். ராத்திரி ஒம்பது மணிக்கு அவுட்லெட் கேட் வால்வை மூடிட்டு சாவியை நான் வச்சுக்கறேன். காவலூர் போன அன்னிக்கு மட்டும் அக்கா சமையக்கட்டுல ஒரு அண்டா தண்ணி காய வச்சிடுவாங்க. இது எந்த நோட்டீஸ்லயும் வராது. ஹாஸ்டல், கேம்ப் நடத்தறவங்க முதல்ல தெரிஞ்சுக்க வேண்டியது இதுதான். ஹீட்டர் வாங்கறதோட வேலை முடியல, எப்போ தண்ணி திறக்கணும்னு ஒரு நேரமும் அதோட சேத்துப் போடணும்.

ஐப்பசி, கார்த்திகையில வடகிழக்குப் பருவமழை. மூணு நாள் சேந்தாப்புல மேகம் மூடினா சோலார் என்ன பண்ணும்? டேங்க்குள்ள 3 கிலோவாட் ஹீட்டர் காயில் ஒண்ணு இருக்கு. காலையில ஆறு மணிக்குக் குளியல்னா நாலு மணிக்கு சுவிட்ச் போட்டா ஆகாது. 500 லிட்டரை 20-லேர்ந்து 45-க்கு ஏத்த அந்தக் காயிலுக்கு அஞ்சு மணி நேரம் வேணும். ராத்திரி ஒரு மணிக்கு ஆன் ஆகுற மாதிரி டைமர் போட்டிருக்கேன், மழைக்காலத்துக்கு மட்டும். தெர்மோஸ்டாட்டை 50-க்கு மேல வைக்கிறதில்ல. வருஷம் பூரா டைமரை ஓட விட்டா சோலார் வாங்கினதுக்கு அர்த்தமே இல்ல, கரண்டே எல்லாத்தையும் காய வச்சிடும்.

குளிர்காலத்தைவிட எனக்குத் தலைவலி மார்ச் மாசம். பிள்ளைங்களுக்குப் பரீட்சை, கேம்ப் காலி, வெயில் கொளுத்துது. தண்ணியை எடுக்க ஆளில்ல. டேங்க் கொதிச்சு வென்ட் பைப் வழியா ஆவியா அடிக்கும். அந்த நேரத்துலதான் உப்பு அதிகமா படியும், கேஸ்கட்டும் சீக்கிரம் கெட்டுப்போகும். ஆள் இல்லாத நாள்ல பாதிக் குழாய் மேல தார்ப்பாய் போட்டு மூடிடுவேன். வென்ட் பைப்பை மட்டும் யாரும் மூடிடாதீங்க. சொட்டுதுன்னு அதுல கேப் போட்ட ஒரு லாட்ஜைப் பாத்திருக்கேன். வெந்நீரை வேகமா எடுக்கும்போது உள்ள காத்து புக வழியில்லாம, டேங்க் உள்பக்கமா ஒடுங்கிப் போச்சு. பச்சத்தண்ணித் தொட்டியோட தண்ணி மட்டத்துக்கு மேல வென்ட் நிக்கணும், வாய் திறந்து இருக்கணும், அவ்வளவுதான்.

உப்பு விஷயம் வந்ததால: எங்க போர் தண்ணி கொஞ்சம் கடினம். பாத்திரத்துல வெள்ளையா படியுற ஊர்னா உங்களுக்கும் இதே கதைதான். வருஷத்துக்கு ஒரு தடவ, ஜூன் பேட்ச் வர்றதுக்கு முன்னாடி, குழாய் எல்லாத்தையும் கழட்டிக் கவுத்துவேன். அடியில சுண்ணாம்புச் செதில் ஒரு கைப்பிடி விழும். குழாய்ல ஒரு நல்லது, கவுத்து அலசினா போயிடும். தட்டை மாடல்ல மெல்லிசு செப்புப் பைப்புக்குள்ள உப்பு அடைச்சா ஆசிட் விட்டுத்தான் எடுக்கணும். டேங்க் எஸ்.எஸ். 304-ங்கிற ஸ்டெயின்லெஸ் ஸ்டீல்னா உப்புத் தண்ணிக்கு அது வெல்டிங் ஓரத்துல ஊசி ஊசியா ஓட்டை விடும். கண்ணாடிப் பூச்சு அடிச்ச டேங்க்ல மெக்னீசியம் ராடு ஒண்ணு தொங்கும். டேங்குக்குப் பதிலா தான் கரைஞ்சு போறதுக்குத்தான் அது இருக்கு. ராடு தீந்துதான்னு வருஷம் ஒரு தடவ பாக்கணும். "மாத்தணுமா? அப்படி ஒண்ணு இருக்கா?"ன்னு டீலரே என்னைத் திருப்பிக் கேட்டாரு.

பைப்பு. ஹீட்டர் விக்கிறவங்க பொறுப்பு டேங்க் அவுட்லெட்டோட முடிஞ்சுது. எங்க பழைய லைன் வெள்ளை பி.வி.சி., மே மாசத்துத் தண்ணி பட்டு நடுவுல தொய்ஞ்சு போச்சு. மொத்தத்தையும் வெந்நீருக்குன்னே வர்ற சி.பி.வி.சி. பைப்பா மாத்தினோம், அது 93 டிகிரி வரைக்கும் தாங்கும். டேங்க்லேர்ந்து கடைசி பாத்ரூம் 60 அடி. ஒரு இஞ்ச் பைப்ல அவ்வளவு தூரத்துக்கு ஒம்பது லிட்டர் பச்சத்தண்ணி நிக்கும். அது வெளிய வந்தாத்தான் சூடு வரும். ஒவ்வொரு பிள்ளையும் அதைத் தரையில ஊத்தினா எங்க போர் என்ன ஆகும்? முதல் ஆள் மட்டும் டிரம்முல புடிப்பான், அது கக்கூஸுக்கு. அப்புறம் வரிசை விடாம குளிச்சுட்டே இருக்கணும், இடைவெளி விட்டா பைப்பு மறுபடி ஆறிடும். பைப்பு பூரா கறுப்பு ஃபோம் சுத்தி, வெயில் படுற இடத்துல அதுக்கு மேல அலுமினிய டேப். பைப்பு வேலைக்கு ஆன செலவுல இன்னொரு சின்ன ஹீட்டரே வாங்கியிருக்கலாம்னு வார்டன் சார் சொல்லுவாரு. அந்த ஹீட்டரை வாங்கி எந்தப் பைப்புல விடுவாருன்னு நான் கேக்கல.

சின்னப் பிள்ளைங்க வர்ற இடம்னா இன்னொண்ணு. கோடையில தண்ணி 80 டிகிரிக்கு மேல போகும், தோல் உரிஞ்சிடும். எல்லா பாத்ரூம் சுவத்துலயும் பெயிண்டுல எழுதி வச்சிருக்கேன்: முதல்ல பச்சத்தண்ணி, அப்புறம் வெந்நீர். ஆறாம் கிளாஸுக்குக் கீழன்னா டீச்சரே கலந்து குடுக்கணும்னு முதல் நாளே சொல்லிடறோம்.

மானியம் கிடைக்குமான்னு கேக்கறவங்களுக்கு: சோலார் வாட்டர் ஹீட்டருக்கு இருந்த மத்திய மானியம் 2014-லேயே நின்னுபோச்சு. 2024-ல வந்த பி.எம். சூர்ய கர் திட்டம் வீட்டு மாடியில கரண்டு எடுக்கிற பேனலுக்கு. வெந்நீருக்கு இல்ல. ரெண்டையும் குழப்பி ஆர்டர் வாங்குறவங்க இருக்காங்க, ஜாக்கிரதை. 500 லிட்டர்னு சொன்னா அது டேங்க் மட்டுமா, குழாய்க்குள்ள நிக்கிற தண்ணியும் சேத்தான்னும் கேளுங்க. ஒரு குழாய் ரெண்டரை லிட்டருக்கு மேல புடிக்கும், 50 குழாய்க்கு 130 லிட்டர் கிட்ட வரும். அந்தத் தண்ணி உங்க பக்கெட்டுக்கு வராது.

எங்க கேம்ப்ல டீச்சர்ஸ் பிளாக் ஒண்ணு புதுசா கட்டறாங்க. அதுக்கும் இதேதான் போடப் போறோம், ஆனா 500 ஒண்ணா இல்ல, 250 ரெண்டா. தனித்தனி இன்லெட், தனித்தனி அவுட்லெட் வால்வு. ஒண்ணுல குழாய் உடைஞ்சா இன்னொண்ணு ஓடும். ஆள் கம்மியா வந்தா ஒண்ணை மூடித் தார்ப்பாய் போட்டுடலாம். விலை கொஞ்சம் கூடத்தான். கொட்டேஷன் குடுத்திருக்கேன், கையெழுத்து வரட்டும்னு காத்திட்டு இருக்கேன்.